தண்ணீர் குடிக்கச் சொல்கிறீர்கள்

துறையூர்,
22 ஏப்ரல் 1963

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மேரிக்கு,

உன் கார்டு நேற்றுக் கிடைத்தது. அம்மாவுக்கு இருமல் தேவலை என்று எழுதியிருந்தது சந்தோஷம். கடைசி வரியில், ஏதோ ஊர்ச் செய்தி போல, "எனக்குத் தலைவலி அப்படியேதான் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஈஸ்டருக்கு நான் வந்திருந்தபோது சீப்புத் தேடி உன் பையைத் திறந்தேன். உள்ளே தலைவலி மாத்திரை. ஒன்றிரண்டு இல்லை, கடலை மிட்டாய் மாதிரி ஒரு பொட்டலம். கேட்டதற்கு, "பிரஸ்ல எல்லாரும் போடுறதுதான்" என்றாய். எல்லாரும் போடுவதால் அது பொரிகடலை ஆகிவிடாது.

நான் இங்கே பார்க்கிற வேலை உனக்குத் தெரியும். யூனியன் சுகாதார இன்ஸ்பெக்டர். கிணற்றுக்கு மருந்து போடுவதும், அம்மை குத்துவதும், பச்சைமலை ஏறி ஊர் ஊராகத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், நிறையக் குடியுங்கள் என்று கத்துவதும்தான் என் பிழைப்பு. முன்பின் தெரியாதவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். தாலி கட்டிய பெண்டாட்டி கேட்க மாட்டேன் என்கிறாள். வெயில் காலத்துத் தலைவலி பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் வற்றுவதால் வருவது. மாத்திரை வலியை மறக்கடிக்குமே தவிர உடம்புக்குத் தண்ணீர் ஊற்றாது. வெறும் வயிற்றில் போட்டால் குடலை அரிக்கும். தண்ணீர் குடி. நீர்மோர் குடி. உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணீர் குடி. இதை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து ஒன்று இருக்கிறது. அந்த பிரஸ் வேலையை விட்டுவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு நீ இங்கே வருவது. சொன்னால் உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உன்,
அற்புதசாமி


பாலக்கரை, திருச்சி,
27 ஏப்ரல் 1963

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியைத் தவிர. "என் புள்ளை எவ்வளவு அக்கறையா எழுதியிருக்கான் பாரு, அவன் சொல்றபடி கேளேன்" என்கிறார். இப்போது வீட்டிலும் தண்ணீர் குடி, கடிதத்திலும் தண்ணீர் குடி.

நான் பார்க்கிற வேலையும் உங்களுக்குத் தெரியும், ஆனால் மறந்துவிடுகிறீர்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாடப் புத்தகங்கள் எல்லாம் அச்சாகிக் கட்டி வெளியே போக வேண்டும். காலையில் பஸ் ஏறி ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் இறங்கினால், சந்துக்குள் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை புரூப் பார்க்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்புப் பூகோளத்தில் காவேரி அரபிக்கடலில் போய்க் கலந்திருந்தது. நான்தான் அதைத் திருப்பி வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவந்தேன். நான் துறையூருக்கு வந்து உங்களுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தால் திருச்சி ஜில்லாப் பிள்ளைகள் எல்லாம் தப்பாகப் படித்திருக்கும்.

மாத்திரை நான் வாங்குவதில்லை. முதலாளி அழகர்சாமி தன் மேஜை டிராயரில் ஒரு டப்பா வைத்திருக்கிறார். பைண்டிங் பகுதியில் அச்சான தாளைப் பாரம் பாரமாக மடிக்கிற பெண்கள் யாராவது நெற்றியைப் பிடித்தால் அவரே எடுத்து நீட்டுவார். "போட்டுக்கம்மா, போட்டுட்டு வேலையைப் பாரு." மனுஷர் கெட்டவர் இல்லை. எங்கள் எல்லாருக்கும் தலைவலி என்பதால் டப்பா சீக்கிரம் காலியாகிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கார்டில் எழுதுகிற சமாசாரமும் இல்லை, கவரில் எழுதுகிற சமாசாரமும் இல்லை. எழுதினால் உங்கள் கடைசிப் பத்தியை முதல் பத்தியாகப் போட்டு மறு தபாலில் அனுப்புவீர்கள். ஆகவே எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
சலேத்மேரி


துறையூர்,
4 மே 1963

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மேரிக்கு,

எழுத முடியாத காரணம் என்று எழுதி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறாய். என்ன காரணம்? பிரஸ்ஸில் வைக்கிற தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? பானையைக் கழுவுவதில்லையா? புழு இருக்கிறதா? இருந்தால் சொல், பிளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன், எவ்வளவு போட வேண்டும் என்று எழுதி. உங்கள் முதலாளிக்கே நேரடியாக ஒரு கடிதம் எழுதலாமா என்றும் யோசித்தேன். வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி என்றால் மாத்திரை கொடுப்பதற்கு முன் அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம்.

இல்லை, கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி, நீ வெட்கப்பட்டு மறைக்கிறாயா? கண்ணாடி போட்டால் உனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

இங்கே என் பாடு வேறு. நேற்று மலைமேல் ஒரு ஊரில் கூட்டம் போட்டு, கோடையில் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சின்னையன் என்று ஒருவர், மரவள்ளி போடுகிற விவசாயி, எழுந்து நின்று, "குடிக்கச் சொல்றீங்க சார், சரி. கிணத்துல சேறுதான் இருக்கு. எதைக் குடிக்கிறது?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் சொல்ல வந்த விஷயமே கெட்டுப்போயிற்று. நல்லதைச் சொன்னால் குதர்க்கம் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

காரணத்தை எழுது. நான் உன் புருஷன். என்னிடம் எழுத முடியாதது என்ன இருக்கிறது?

உன்,
அற்புதசாமி


பாலக்கரை,
12 மே 1963

அத்தானுக்கு,

எங்கள் பிரஸ்ஸில் வீரம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். திருவானைக்காவலிலிருந்து நடந்து வருவார். பாரம் தைக்கிறதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டி வைத்த புத்தகக் கட்டைத் தூக்க எழுந்தவர், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். காப்பி டிக்காஷன் மாதிரி கறுப்பாக வந்தது. பிறகு சிவப்பாகவே வந்தது. அச்சாகி மடித்து வைத்திருந்த தாள் மேலெல்லாம் பட்டது. நானும் நசீராவும்தான் ஜட்கா பிடித்துப் பாலத்தைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நசீரா எனக்கடுத்து உட்கார்ந்து பாரம் மடிக்கிறவள். வழியெல்லாம் வீரம்மாளின் தலையை மடியில் வைத்து ஓதிக்கொண்டே வந்தாள்.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறதுண்டா என்று கேட்டார்.

"தலைவலிக்குப் போடுவேங்க."

"எத்தனை?"

"வலிக்கிறப்பல்லாம் போடுவேங்க. கணக்கு வச்சுக்கலை."

"சாப்பிட்டுட்டுத்தானே போடுறே?"

"இல்லைங்க. சாப்பிட்டா தண்ணி தவிக்கும். அதான் மத்தியானம் சாப்பிடுறதில்லை. சும்மா வாயில போட்டு முழுங்கிடுவேன்."

"தண்ணி தவிச்சா குடிக்கிறதுக்கு என்ன?"

வீரம்மாள் என்னைப் பார்த்தார். நசீராவும் என்னைப் பார்த்தாள். படித்தவள் நான்தானே, நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவரிடம் சொன்னதை இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன். பிரஸ்ஸில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. கக்கூஸே இல்லை. மெஷின் ஆட்கள் சந்துச் சுவரோடு நின்றுவிட்டு வந்துவிடுகிறார்கள். நாங்கள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போனால் மறுபடி சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். ஆகவே காலையில் காப்பியே அரை டம்ளர். பிறகு ஒன்றும் கிடையாது. பானை இருக்கிறது அத்தான். புழுவும் இல்லை, உப்பும் இல்லை. காவேரித் தண்ணீர், ஜில்லென்று இருக்கும். அந்தத் தகரத்துக்கடியில் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறோம். எனக்கு இந்தப் பங்குனியிலிருந்து நீர்க்கடுப்பும் சேர்ந்துகொண்டது. அத்தையிடம் சூடு என்று சொல்லி வெந்தயம் போட்டுக் குடிக்கிறேன். நீங்கள் என்னவென்றால் நீர்மோர் குடி, கஞ்சித் தண்ணீர் குடி என்று எழுதுகிறீர்கள். அதைப் படிக்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

குடல் புண்ணாகி ரத்தம் கசிகிறதாம். மாத்திரையை இனி கையால் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீரம்மாளுக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

உங்கள் சின்னையனை நினைத்துக்கொண்டேன். அவர் பேசியது குதர்க்கம் இல்லை.

சலேத்மேரி


துறையூர்,
15 மே 1963

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கை ஓடவில்லை. நீர்க்கடுப்பு என்றால் என்னவென்று தெரியுமா? அது மேலே ஏறினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. ஊர் ஊராகக் கக்கூஸ் கட்டச் சொல்லிப் பிரசாரம் செய்கிறவன் பெண்டாட்டி, ஒதுங்க இடமில்லாமல் மாதக்கணக்கில் இருந்திருக்கிறாள்! வெளியே தெரிந்தால் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?

நாளைக்கே வேலையை விட்டுவிடு. ஒரு மாத நோட்டீஸ் எல்லாம் வேண்டாம். உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவோடு பஸ் ஏறு. நான் இங்கே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

இதை அன்றைக்கே எழுதியிருந்தால் அன்றைக்கே முடித்திருக்கலாம்.

உன்,
அற்புதசாமி


பாலக்கரை,
18 மே 1963

அத்தானுக்கு,

நான் என்ன பதில் வரும் என்று எழுதியிருந்தேனோ அதே பதில். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

நான் வேலையை விட்டால் என் நாற்காலி காலியாக இருக்காது. இன்னொருத்தி வந்து உட்காருவாள். அவளும் அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நசீரா வேலையை விட முடியுமா? அவள் புருஷன் தவறி மூன்று வருஷமாகிறது. அவளை எந்தத் துறையூருக்குப் பஸ் ஏறச் சொல்வீர்கள்?

உங்களைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று உங்களுக்கு முதலில் தோன்றியிருக்கிறது. வீரம்மாள் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி கேட்கவில்லை.

தயவுசெய்து இந்த விஷயத்தில் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வரவும் வேண்டாம்.

சலேத்மேரி


பாலக்கரை,
28 மே 1963

அத்தானுக்கு,

வர வேண்டாம் என்று எழுதியும் வந்தீர்கள். வீட்டுக்கு வந்திருந்தாலாவது பரவாயில்லை. நேராக பிரஸ்ஸுக்கு, காக்கிச் சட்டையும் தொப்பியுமாக, அளவு டேப்போடு வந்து நின்றீர்கள். நான் புரூப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், நீங்கள் எங்கள் கொல்லைச் சுவரை அளந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

சட்டத்தில் இன்ன பிரிவு, இன்ன விதி என்று நீங்கள் அடுக்கியதை மெஷின் ஆட்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி என்ன கேட்டார்? "துறையூர் யூனியன் சாருக்கு ஸ்ரீரங்கத்துல என்ன ஜோலி?" டேப்பைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருந்தது நான்.

நீங்கள் போன பிறகு முதலாளி என்னிடம் வந்தார். "உங்க வீட்டுக்காரரை துறையூர்ல கொசு மருந்து அடிக்கிறதோட நிறுத்திக்கச் சொல்லும்மா. இல்லேன்னா பொம்பளைங்களே வேணாம்னு ஆம்பளை ஆளுங்களைப் போட்டுக்கறேன். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை." எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். நசீரா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மட்டும், "மேரிக்கா, உங்களுக்குப் போறதுக்கு ஒரு ஊர் இருக்கு. எனக்கு இதான் இருக்கு. பார்த்துச் செய்யுங்க" என்றாள்.

கொஞ்ச நாளைக்குக் கடிதம் வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

சலேத்மேரி


துறையூர்,
6 ஜூன் 1963

அன்புள்ள மேரிக்கு,

பிரிக்க மாட்டேன் என்றாய். அம்மா பெயருக்கு அனுப்புகிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, உன்னைத்தான் படிக்கச் சொல்வார்.

நான் வந்தது தப்பு என்று உனக்குத் தோன்றுகிறது. எனக்கும் பஸ் லால்குடி மார்க்கமா துறையூர் மார்க்கமா என்றுகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தபோது அப்படித்தான் தோன்றியது. கண்டக்டர்தான் இறக்கிவிட்டார். ஆனால் நீ ஒன்றை நினைத்துப் பார். நீ ரத்தம் வரை எழுதிவிட்டாய். நான் இங்கே உட்கார்ந்து கிணற்றுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? வேலையை விடு என்றாலும் கோபம். வந்து கேட்டாலும் கோபம். சும்மா இருந்தால் அக்கறையில்லை என்பாய்.

சட்டம் இருக்கிறது. அது உண்மை. அதைக் கேட்கிற இலாகா வேறு. மனுப் போட்டால் அவர்கள் வந்து பார்த்து, எழுதி, பதில் வாங்கி, மறுபடி எழுதி, அடுத்த கோடையும் வந்துவிடும். இதையும் விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வீரம்மாள் எப்படி இருக்கிறார்? போன கடிதத்தில் கேட்டிருக்க வேண்டும்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். சொன்னதை மட்டும் செய்கிறேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் அதையும் செய்ய முயற்சி பண்ணுகிறேன். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

உன்,
அற்புதசாமி


பாலக்கரை,
19 ஜூன் 1963

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தை கவரைப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கடைசிப் பத்தி உட்பட எல்லாவற்றையும் படித்தேன். அவர் சிரித்தார். நானும் கொஞ்சம்.

நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீரம்மாளைப் பார்க்கப் போனேன். நசீரா எனக்கு முன்பே வந்து கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். வீரம்மாள் முகம் தெளிந்திருந்தது. தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர். பேசிக்கொண்டே எடுத்து எடுத்துக் குடித்தார். "இங்க நல்லா இருக்கு மேரி. நினைச்சப்பல்லாம் தண்ணி குடிக்கலாம். வார்டு கடைசியிலேயே கக்கூஸ் இருக்கு. தலைவலி எங்க போச்சுன்னே தெரியலை" என்றார். ஏதோ மாமியார் வீட்டிலிருந்து தாய் வீட்டுக்கு வந்த மாதிரி சொன்னார். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷி!

வெளியே வந்ததும் நசீரா நின்றுவிட்டாள். "ஏங்க்கா, நாம பயந்துக்கிட்டுக் குடிக்காம இருக்கோம். குடிச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? போகணும்."

"அப்ப போகணும்னு கேப்போம். சட்டமும் வேணாம், சண்டையும் வேணாம். தாகத்துக்குத் தண்ணி குடிச்சேன்னு யாரும் வேலையை விட்டுத் துரத்த முடியாதில்ல?"

திங்கட்கிழமை காலையில் நாங்கள் வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொருத்தியாகப் போய்ப் பானையிலிருந்து தண்ணீர் குடித்தோம். பைண்டிங் பெண்கள் அத்தனை பேரும், நானும். முதல் டம்ளர் எனக்கு உள்ளேயே இறங்கவில்லை, அவ்வளவு பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டாவது டம்ளர் அமிர்தமாக இருந்தது. பானை காலியானதும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு மறுபடி நிரப்பச் சொன்னோம். அவன், "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றான்.

கொஞ்ச நேரத்தில் நசீரா எழுந்து முதலாளி மேஜைக்குப் போனாள்.

"முதலாளி, ஒதுங்கப் போகணும்."

அவர் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க?"

"அதைத்தான் கேக்கறேன். எங்க?"

அவருக்குக் காது சிவந்துவிட்டது. "வீட்டுக்குப் போயிட்டு வா."

"பஸ் ஏறி ஆத்தைத் தாண்டி கோட்டைக்குப் போயிட்டு வர மத்தியானம் ஆயிடுங்களே. இன்னும் எட்டாம் வகுப்பு சரித்திரம் மடிக்காம கிடக்கு."

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது, கடைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி சரி, பக்கத்துல எங்க வீட்டுக் கொல்லைக்குப் போயிட்டு வா. இந்த ஒரு தடவைதான்" என்றார். அவர் வீடு பிரஸ்ஸுக்கு அடுத்த வீடு, சுவருக்கு அந்தப் பக்கம். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அந்த வாசற்படி ஏறியதில்லை.

நசீரா வந்ததும் நான் போனேன். அப்புறம் ஒருத்தி. அப்புறம் இன்னொருத்தி. கடைசி ஆள் திரும்பி வருவதற்குள் நசீராவுக்கு மறுபடி வந்துவிட்டது. நடிப்பில்லை அத்தான், அத்தனை தண்ணீர் குடித்திருந்தோம். "என்னம்மா இது, விளையாடுறீங்களா?" என்று முதலாளி எழுந்துவிட்டார். அவர் அன்று போ என்று சொல்லியிருந்தால் எல்லாருமே போயிருக்க வேண்டியதுதான்.

அப்போது அவர் மனைவி சந்திரம்மாள் உள்ளே வந்தார்கள். கோபத்தோடுதான் வந்தார்கள். "நம்ம வீடென்ன சத்திரமா? காலையிலேருந்து கதவு திறந்தபடி இருக்கு. தொட்டித் தண்ணி பாதி தீர்ந்துபோச்சு. இத்தனை நாளும் இவங்கல்லாம் எங்க போனாங்க? அங்கேயே போகச் சொல்லுங்க."

அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். "எங்கம்மா போவீங்க இத்தனை நாளும்?"

"போகலைங்க" என்றேன்.

"போகலைன்னா?"

"போகலை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். அதுக்காகத் தண்ணி குடிக்கிறதில்லை. வீரம்மாளும் குடிக்கலை."

வீரம்மாள் விழுந்தது அவர்களுக்குத் தெரியும். ஏன் விழுந்தார் என்று தெரியாதாம். குடல் வியாதி என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "உங்க தங்கச்சி கல்யாணத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் மண்டபத்துல இடமில்லாம அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். மண்டை வெடிச்சுடுச்சு எனக்கு. தினமுமா? நீங்க இருந்து பாருங்க ஒரு நாள். அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்காம சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க பார்ப்போம்!"

"கட்டித் தொலைக்கிறேன், விடு" என்றார் முதலாளி. கட்டி முடியும் வரை வீட்டுக் கொல்லையையே வைத்துக்கொள்ளச் சொல்லி அந்த அம்மாள் போனார்கள். போகும்போது, "தொட்டிக்குத் தண்ணி மட்டும் நீங்களே அடிச்சு ஊத்திடுங்க" என்றார்கள். அது நியாயம்தான், ஊற்றுகிறோம்.

முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டு டிராயரைத் திறந்து டப்பாவை எடுத்தார். "சாப்பிட்டுட்டுப் போடுங்க முதலாளி, ஒரு டம்ளர் தண்ணியோட" என்றேன். என்னை முறைத்தார். ஆனால் டப்பாவை வைத்துவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். இதோ சொல்கிறேன். பிரஸ் கொல்லையில் கிணறு இருக்கிறது. குழி அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், எப்படிக் கட்டினால் நாற்றம் வராது, உங்கள் மலை ஊர்களில் கட்டச் சொல்கிறீர்களே, அதே மாதிரி ஒரு படம் போட்டு அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். படம் வரட்டும்.

உங்கள்,
மேரி


துறையூர்,
23 ஜூன் 1963

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மேரிக்கு,

படம் இத்துடன் இருக்கிறது. தண்ணீர் அடைப்பு வைத்த பீங்கான் பேசின் போடச் சொல். நாற்றமும் வராது, ஈயும் வராது. கிணற்றை விட்டுத் தள்ளிக் குழி வெட்ட வேண்டிய இடத்தைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறேன். கொல்லையின் அளவு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. டேப்போடு வந்தது அதற்காவது பயன்பட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் ஒரு எரிச்சலும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தி ஒரு ஊரில் ஒரு கக்கூஸ்கூடக் கட்ட வைத்ததில்லை. நீங்கள் ஒரு பானைத் தண்ணீரில் முடித்துவிட்டீர்கள்.

நேற்று மறுபடி சின்னையன் ஊருக்குப் போனேன். கூட்டம் போடவில்லை. அவரோடு கிணற்றில் இறங்கிப் பார்த்தேன். தூர் வாரினால் ஊறும் போல் இருக்கிறது. யூனியனுக்கு எழுதியிருக்கிறேன். செய்வார்களா தெரியாது, செய்யும் வரை போய் நிற்பதாக இருக்கிறேன்.

இன்னொன்று. நீ இங்கே வந்துவிட வேண்டும் என்று இனி எழுத மாட்டேன். திருச்சிக்குக் கிட்ட, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஓர் இடம் காலியாகிறதாம். மாற்றல் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ரசம் வைக்கவும் நான் கற்றுக்கொண்டுவிட்டேன், சுமாராக.

நீர்க்கடுப்பு எப்படி இருக்கிறது? இதற்கு மட்டும் ஒளிக்காமல் பதில் எழுது.

உன்,
அற்புதசாமி


பாலக்கரை,
21 ஜூலை 1963

அன்புள்ள அத்தானுக்கு,

நீர்க்கடுப்பு போய்விட்டது. டாக்டரம்மா கொடுத்த மருந்தை முழுசாகச் சாப்பிட்டேன், தண்ணீரும் குடிக்கிறேன். தலைவலி எப்போதாவது வருகிறது, வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால். போய்விடுகிறது. வீரம்மாள் போன வாரம் வேலைக்கு வந்துவிட்டார். கனத்தைத் தூக்கக் கூடாது என்பதால் தையல் மட்டும். மத்தியானம் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பழைய சாதம், மோர், நிறைய மோர்.

கக்கூஸ் கட்டி முடிந்தது. உங்கள் படத்தைக் கொத்தனார் ராமர் முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், அப்புறம் ஒழுங்காகவே கட்டினார். சிவப்பு மை போட்ட இடத்தில்தான் குழி. நேற்று சுண்ணாம்பு காய்ந்ததும் முதலாளி வந்து, "இந்தாங்கம்மா, உங்க அரண்மனை" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் எல்லாரும் எழுந்து போய்ப் பார்த்தோம். வெள்ளை அடித்திருந்தது. வாளி, குவளை, எல்லாம் இருந்தது. கதவில் தாழ்ப்பாளும் இருந்தது, வெளிப்பக்கம்.

உள்ளே ஒன்றும் இல்லை. நாங்கள் கதவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ராமரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உள்ள எதுக்கும்மா தாழ்ப்பாள்? ஆடு, நாய் நுழையாம இருக்கத்தான் வெளிய வச்சிருக்கு" என்றார். இத்தனை கலாட்டாவுக்குப் பிறகும், இத்தனை பேர் கூடிக் கட்டியும், உள்ளே ஒரு பெண்பிள்ளை இருப்பாள் என்று ஒருவருக்குமே தோன்றவில்லை. உங்கள் படத்திலும் தாழ்ப்பாள் இல்லை, பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. ஒரு தாழ்ப்பாளுக்கு யாராவது அழுவார்களா? நசீரா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரிப்பைப் பார்த்து வீரம்மாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ஆடியில்தான் நடக்கும். மெஷின் பகுதியிலிருந்து திருப்புளி வாங்கி வந்தேன். நசீரா கதவைப் பிடித்துக்கொண்டாள். வெளியே இருந்ததைக் கழற்றி உள்ளே வைத்து நானே முடுக்கினேன். கொஞ்சம் கோணல்தான். கையில் ஒரு கொப்புளமும் மிச்சம்.

எல்லாரும் என்னையே முதலில் போகச் சொன்னார்கள். போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். அது சரியாக விழுந்தது. கொஞ்ச நேரம் உள்ளே சும்மா நின்றேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிறது, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், என்னை யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் அந்த பிரஸ்ஸில் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை.

பிறகு வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, அடுத்து நின்றவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

உங்கள்,
மேரி